தானே ஆறும் கான்கிரீட் நம்ம கடற்கரைக்குச் சரிவருமா?

தேவிபட்டினம் வீடு | ஆகஸ்ட் 2, இரவு 9.15

கடலில் இருந்து முந்நூறு மீட்டர் தள்ளி வீடு கட்டுகிறோம். அடித்தளம் முடிந்தது, அடுத்தது தூண். விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் பொடி என்று ஒன்று விற்கிறார்கள். அதைக் கலந்தால் கம்பிக்கு 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதும், டேங்கர் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரே ஊற்றலாம், விரிசல் விழுந்தாலும் ஆறிவிடும் என்கிறார்கள். ரோமாபுரிக்காரன் கட்டியது 2,000 வருடம் கடலுக்குள் நிற்கிறதே, நமக்கு ஏன் நிற்காது? பொடிக்குச் செலவழித்துவிட்டு மற்றதில் மிச்சம் பிடிக்கலாம் என்பது என் கணக்கு. தப்பு என்றால் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கம்பிகட்டி | ஆகஸ்ட் 2, இரவு 10.05

பொடியை வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். கவரில் மட்டும் கை வைக்காதீர்கள் தம்பி.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, நம்ம கடற்கரையைக் "கடுமையான சூழல்" என்ற வகையில் வைக்கிறது. குறைந்தது எம்30 (கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் தரம்), தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் கூடாது, கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், கவர் 45 மி.மீ. அலைத் தூவானம் நேரே தெறிக்கும் இடம் என்றால் எம்35, 340 கிலோ, 50 மி.மீ. அலை ஏறி இறங்கும் இடத்துத் தூணுக்கு எம்40, விகிதம் 0.40, 360 கிலோ, 75 மி.மீ. நீங்கள் சொல்லும் 20 மி.மீ. உள்நாட்டில், மழை வெயில் படாத சுவருக்குள் இருக்கும் கான்கிரீட்டுக்கு உள்ள அளவு.

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 3, காலை 7.30

போர் தண்ணீருக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். கம்பி போட்ட கான்கிரீட்டில் எல்லாப் பொருளும் சேர்ந்து கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடுதான் (உப்பில் இருந்து வருவது, கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது) இருக்கலாம். கலவைத் தண்ணீர் சுமார் 160 லிட்டர்.

லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு உள்ள தண்ணீர் (இதுதான் உச்ச அனுமதி): 0.08 கிலோ சேரும். தாங்கும்.
2,000 மி.கி. உள்ள போர் தண்ணீர்: 0.32 கிலோ. பாதிக்கு மேல் தண்ணீரிலேயே தீர்ந்தது.
கடல் தண்ணீர், சுமார் 19,000 மி.கி.: 3 கிலோவைத் தாண்டும். அனுமதியைப் போல ஐந்து மடங்கு.

மணலையும் சேருங்கள். ஒரு கன மீட்டருக்கு 700 கிலோ மணல். அதில் 0.1 சதவீதம் குளோரைடு இருந்தாலே 0.7 கிலோ, மணல் ஒன்றே எல்லையைத் தாண்டிவிட்டது.

எந்தப் பொடியும் இந்த உப்பை வெளியே எடுக்காது. விரிசலை மூடும் சரக்கு விரிசலைத்தான் மூடும். நீங்களே ஊற்றிக் கலந்த உப்பு முதல் நாளில் இருந்தே கம்பியைத் தொட்டுக்கொண்டு இருக்கும்.

கீழக்கரை கட்டடம் | ஆகஸ்ட் 3, காலை 9.10

அக்கா, தளத்தில் இதை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வகம் போக முடியாதே.

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 3, பகல் 1.20

பாய், டிடிஎஸ் மீட்டர் வைத்திருப்பீர்கள். அது மொத்த உப்பைக் காட்டும், குளோரைடைத் தனியாகக் காட்டாது. ஆனால் 500-க்குக் கீழே காட்டினால் குளோரைடும் 500-க்குக் கீழேதான், அந்தத் தண்ணீரை ஊற்றலாம். அதற்கு மேல் காட்டினால் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைக் கலவைக்கு எடுக்கவே கூடாது, அதில் உப்பு கூடித்தான் இருக்கும்.

மணலுக்கு: கண்ணாடி டம்ளரில் ஒரு பிடி மணல், அதன் மேல் காய்ச்சி வடித்த தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுவது), கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு. லேசான மங்கல் என்றால் கொஞ்சம் உப்பு. தயிர் திரிவது போல வெள்ளையாகத் திரண்டால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். இது எவ்வளவு என்று சொல்லாது, எச்சரிக்கும், அவ்வளவுதான். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துப்போகும், கையுறை போடுங்கள்.

கம்பிகட்டி | ஆகஸ்ட் 3, இரவு 8.45

விரிசல் ஆறுவது பொய் இல்லை. பொடியே போடாத சாதாரணக் கான்கிரீட்டும் ஆறும். உள்ளே தண்ணீர் படாமல் கிடக்கும் சிமெண்ட் துகள், விரிசல் வழியாக ஈரம் வந்ததும் மறுபடி வினைபுரிகிறது. சிமெண்டில் இருந்து விடுபட்ட சுண்ணாம்பு ஈரத்தில் கரைந்து, கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சைட்டாக (சுண்ணாம்புக்கல்லில் உள்ள கனிமம்) படிகிறது. விரிசல் ஓரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது அதுதான்.

பழைய பிரிட்டிஷ் தண்ணீர்த் தொட்டி விதிமுறையே இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது: 0.1 மி.மீ. விரிசலுக்கு 7 நாள், 0.2 மி.மீ. விரிசலுக்கு 21 நாள், தொட்டியை நிரப்பி வைத்துப் பொறுத்துவிட்டு அப்புறம் ஒழுக்கைச் சோதி என்று. நிபந்தனை மூன்று. ஈரம் தொடர்ந்து இருக்க வேண்டும். விரிசல் நகரக் கூடாது. தண்ணீர் வேகமாகப் பீறிட்டு ஓடக் கூடாது, ஓடினால் படிவதை அடித்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் வீட்டுத் தூணைப் பாருங்கள். வருடத்தில் பாதி நாள் கச்சான் காற்றில் காய்கிறது. தண்ணீர் தேங்குவது இல்லை. உப்பு மட்டும் காற்றோடு வந்து அப்புகிறது. ஆறுவதற்கு வேண்டியது இல்லை, துருப்பிடிக்க வேண்டியது எல்லாம் இருக்கிறது.

தேவிபட்டினம் வீடு | ஆகஸ்ட் 3, இரவு 10.30

கடல் தண்ணீரிலேயே நிற்கும் தூணுக்கு ஈரம் உண்டே? அது ஆறுமா?

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 4, காலை 6.50

ஆறும், நல்ல தண்ணீரை விடவும் வேகமாகவே. கடல்நீரில் உள்ள மெக்னீசியம் விரிசலுக்குள் புரூசைட்டாகவும், கால்சியம் அரகோனைட்டாகவும் படிந்து வழியை அடைக்கும். ஆனால் அடைபடுவதற்கு ஆகும் நாட்களில் குளோரைடு உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வாய் மூடின பிறகும் போன உப்பு உள்ளேயேதான் இருக்கும். கம்பியின் மேலுள்ள காப்புப் படலத்தைக் குளோரைடு உடைத்துவிட்டால், மேலே எவ்வளவு கால்சைட் படிந்தாலும் அது திரும்ப வராது. துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளிப் புது விரிசல் போடும். இந்த இரண்டாவது விரிசலை ஆற்றும் சரக்கு எதுவும் கடையில் இல்லை.

காளவாய் | ஆகஸ்ட் 4, காலை 11.00

ரோமானியக் கட்டுமானத்தைப் பற்றிக் கேட்டார், யாரும் தொடவில்லை. அதில் கம்பியே கிடையாது. துருப்பிடிக்க இரும்பு இல்லாத கான்கிரீட். வித்தியாசமே அங்கேதான்.

துறைமுகக் கட்டுமானத்தில் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும். கடல்நீர் ஊறி ஊறி உள்ளே அலுமினியம் கலந்த டோபர்மொரைட், பிலிப்சைட் என்ற கனிமங்கள் வளர்ந்ததை மேரி ஜாக்சன் குழுவினர் 2017-இல் எழுதினார்கள். 2023-இல் எம்ஐடி-யின் அட்மிர் மாசிச் குழு வேறொன்றைக் காட்டியது: நீற்றாத சுட்ட சுண்ணாம்பை அப்படியே கலவையில் போட்டுச் சூடாகக் கலந்திருக்கிறார்கள், அதனால் உள்ளே வெள்ளைக் கட்டிகள் தங்கின. விரிசல் அந்தக் கட்டி வழியாகப் போகிறது, மழைநீர் கட்டியைக் கரைத்து விரிசலிலேயே படிய வைக்கிறது. அதே முறையில் வார்த்த மாதிரியை உடைத்து, அரை மி.மீ. இடைவெளி விட்டுத் தண்ணீர் ஓடவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஓட்டம் நின்றது.

இதைப் படித்துவிட்டு வீட்டுத் தூணுக்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டி போடக் கூடாது. நீறும்போது பொங்கும், கம்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும்.

மூன்றாமாண்டு சிவில் | ஆகஸ்ட் 4, மாலை 5.40

பாக்டீரியா கான்கிரீட் பற்றி யாரும் சொல்லவில்லையே. 0.8 மி.மீ. வரை மூடும். வீடியோவில் செய்முறையே இருக்கிறது: பாக்டீரியா கரைசல், யூரியா, கால்சியம் குளோரைடு. செலவும் குறைவு.

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 4, இரவு 9.00

தம்பி, அந்த வீடியோவைப் பார்த்து யாரும் தூண் வார்த்துவிடக் கூடாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோன்கர்ஸ் குழு 2011-இல் வெளியிட்ட சோதனையில், 100 நாள் தண்ணீருக்குள் வைத்த பிறகு பாக்டீரியா போட்ட மாதிரியில் மூடியது 0.46 மி.மீ. வரை. போடாத மாதிரியிலும் 0.18 மி.மீ. வரை மூடியது. 0.8 என்பது அதற்குப் பிறகு சொல்லப்பட்ட நல்ல சூழல் அளவு. இரண்டும் முழுக்க நனைந்த நிலையில்.

அவர்கள் போட்டது கால்சியம் லாக்டேட். விரிசலில் தண்ணீர் வந்ததும் பாக்டீரியாவின் உறங்கும் வித்து விழிக்கிறது, ஆக்சிஜனை எடுத்து லாக்டேட்டைத் தின்கிறது. ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டும் ஐந்து மூலக்கூறு கரியமில வாயுவும் வரும். அந்த ஐந்தும் கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து இன்னும் ஐந்து கார்பனேட். விரிசலில் இருக்கும் ஆக்சிஜன் செலவாவது கம்பிக்கும் நல்லது.

வீடியோ முறை வேறு பாதை. யூரியாவை உடைக்கும் பாக்டீரியா, கூடவே அம்மோனியா. கால்சியத்துக்காகப் போடுவது கால்சியம் குளோரைடு. நீரற்ற கால்சியம் குளோரைடில் 64 சதவீதம் குளோரைடு. 360 கிலோ சிமெண்டுக்கு ஒரு சதவீதம் என்று 3.6 கிலோ போட்டால் 2.3 கிலோ குளோரைடு. நேற்றுக் காலை சொன்ன எல்லை 0.6. விரிசலை மூடப் போட்ட மருந்தே கம்பியைத் தின்னும். கம்பி இல்லாத கல் பூச்சுக்கு அந்த முறையை ஆராயலாம், கம்பி உள்ள எதற்கும் வேண்டாம்.

இன்னொன்று: வித்தை நேரே கலவையில் கொட்டினால் சிமெண்ட் இறுக இறுக நுண்துளை சுருங்கி நசுக்கிவிடும், நான்கு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. அதனால்தான் பொரித்த களிமண் உருண்டைக்குள் அடைத்துப் போடுகிறார்கள். அந்த உருண்டை ஜல்லிக்குப் பதிலாக இடம் பிடிப்பதால் பலம் குறையும். அதையும் சேர்த்துத்தான் மிக்ஸ் டிசைன் (கலவை விகிதக் கணக்கு) போட வேண்டும்.

மூன்றாமாண்டு சிவில் | ஆகஸ்ட் 4, இரவு 9.25

நன்றி அக்கா. புராஜெக்டை லாக்டேட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

காளவாய் | ஆகஸ்ட் 5, காலை 8.00

தானே ஆறும் சரக்கு வேண்டும் என்றால் அது நம்ம ஊரிலேயே இருக்கிறது: சுண்ணாம்புக் காரை. நீற்றின சுண்ணாம்பு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் கரையும். சுவருக்குள் அது முழுதாகக் கல்லாக மாறப் பல வருடம் ஆகும். அதுவரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கரைந்து, மயிரிழை விரிசலுக்குள் போய், காற்றைத் தொட்டதும் படியும். தவிர, காரை மெத்தென்று இருப்பதால் ஒரே பெரிய விரிசலாகப் பிளக்காமல் நூறு மயிரிழையாகப் பிரியும். மயிரிழைதான் ஆறக்கூடிய அளவு. கம்பி இல்லாததால் உப்பு வந்தாலும் துரு என்ற பேச்சு இல்லை.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பழைய சுண்ணாம்பு வீடுகளுக்கு மேலே சிமெண்ட் பூசுகிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கும். உப்பு அங்கே படிகமாகி, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளும். அதோடு பழைய காரையும் பொடியாகும். பூச வேண்டியது சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று, சுண்ணாம்பு நன்றாக ஊறியதாக. இன்னும் பலம் வேண்டுமானால் மணலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் செங்கல் தூள். 12 மி.மீ.-க்கு மேல் ஒரே கையில் பூசக் கூடாது. சாக்கு கட்டி ஈரம் காக்க வேண்டும். காய்ந்துவிட்டால் வெறும் பொடிதான் மிஞ்சும்.

கீழக்கரை கட்டடம் | ஆகஸ்ட் 5, காலை 9.45

பவளக்கல் சுண்ணாம்புதான் அசல் என்று கேட்டு வருகிறார்கள்.

காளவாய் | ஆகஸ்ட் 5, காலை 10.10

கேட்டாலும் கொடுக்கக் கூடாது பாய். மன்னார் வளைகுடாத் தீவுகளும் சுற்றியுள்ள பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில். செத்த கல்லும் சேர்த்தி. கரையைக் காப்பதே அந்தப் பாறைதான். கிளிஞ்சல் சுண்ணாம்பு அதே வேலையைச் செய்யும்.

தேவிபட்டினம் வீடு | ஆகஸ்ட் 5, இரவு 7.50

கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்தால் கான்கிரீட்டும் உறுதியாகும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. தூணுக்குக் கொஞ்சம் ஊற்றலாமா?

காளவாய் | ஆகஸ்ட் 5, இரவு 8.05

கூடவே கூடாது! சுண்ணாம்புக்கு மருந்து, சிமெண்டுக்கு விஷம். சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டும், காரைக்கு அது நல்லது. சிமெண்டில் ஒரு மூட்டைக்கு 50 கிராம் சர்க்கரையே இறுகும் நேரத்தை மணிக்கணக்கில் தள்ளும், அளவு ஏறினால் இறுகவே இறுகாது. கருப்பட்டித் தண்ணீர் இருந்த வாளியைக் கழுவாமல் கலவை மெஷின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அதை ஊற்ற வேண்டிய இடம் மொட்டை மாடி. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றின சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. இது நம்ம பொதுப்பணித்துறை வழக்கமாகப் போடும் அளவு. ஜல்லியை முந்தின நாளே நனைத்து வையுங்கள், காய்ந்த செங்கல் சுண்ணாம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். சராசரி 75 மி.மீ. கனம் பரப்பி, கட்டையால் அடிக்க வேண்டும், கடுக்காய்-கருப்பட்டித் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து. பால் போலச் சுண்ணாம்பு மேலே எழும்பி, கட்டை விழுந்தால் தடம் பதியாமல் எகிற வேண்டும், அதுவரை விடக் கூடாது. அப்புறம் மேலே தட்டு ஓடு பதியுங்கள். அந்தத் தளத்தில் விழும் மயிரிழை மழைக்கு மழை மூடிக்கொள்ளும், கீழே உள்ள கம்பித் தளத்துக்கும் வெயில் குறையும்.

கம்பிகட்டி | ஆகஸ்ட் 6, காலை 7.15

விரிசல் அளக்கத் தனி விலையில் கருவி தேவையில்லை. ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. கனம். அது நுழையாவிட்டால் விரிசலை ஈரப்படுத்திப் பார்த்துக் காத்திருக்கலாம். டூவீலர் மெக்கானிக்கிடம் இருக்கும் ஃபீலர் கேஜ் இருந்தால் இன்னும் சரியாக அளக்கலாம். விரிசல் முனையில் பென்சில் கோடும் தேதியும் போடுங்கள். குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு அப்பு அப்பி, அது உடைகிறதா பாருங்கள். உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது, எபாக்ஸி ஏற்றினாலும் பக்கத்திலேயே பிளக்கும்.

அகலத்தை விட முக்கியம் திசை. கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக ஓடி, பழுப்புக் கறை கசிந்து, சுத்தியலால் தட்டினால் பொக்கென்று கேட்டால் அது துரு விரிசல். அதன் மேல் எந்தப் பொடியையும் அப்பாதீர்கள்.

கீழக்கரை கட்டடம் | ஆகஸ்ட் 6, பகல் 12.30

துரு விரிசலுக்குத் தளத்தில் செய்வதைச் சொல்கிறேன். பொக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு (20 முதல் 25 மி.மீ.) இடம் விட வேண்டும். முன்பக்கம் மட்டும் சுரண்டிப் பூசினால் பின்பக்கத் துரு தொடரும். துரு முடிந்து பளிச்சென்ற கம்பி தெரியும் வரை நீளவாக்கில் போகணும். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்ப்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்யணும். துத்தநாக பிரைமர், பாலிமர் கலந்த சாந்து, ஈரச் சாக்கு.

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 6, பகல் 2.00

பாய் சொன்னதோடு ஒன்று. ஒட்டுப் போட்ட இடம் நல்லதாகிவிடும், அதன் விளிம்பைத் தாண்டிய பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கும். இதுவரை துருப்பிடித்துக்கொண்டு இருந்த இடம் பக்கத்துக் கம்பியை மறைமுகமாகக் காத்தது. அதைச் சரிசெய்ததும் துரு விளிம்புக்கு இடம் மாறும். ஒட்டுப் போட்ட அடுத்த வருடமே பக்கத்தில் வெடிக்கிறது என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். விளிம்பில் துத்தநாகப் பலிமின்வாய்த் துண்டைக் கம்பியோடு கட்டிவிட்டு மூடினால் கம்பிக்குப் பதில் அது கரையும்.

தேவிபட்டினம் வீடு | ஆகஸ்ட் 6, இரவு 9.30

புரிந்தது. பொடியில் போட நினைத்த பணத்தை எதில் போடுவது?

கம்பிகட்டி | ஆகஸ்ட் 6, இரவு 10.15

கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி காக்கும் துண்டு), தண்ணீர், கியூரிங் (வார்த்தபின் ஈரம் காப்பது). ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகுவதை நிறுத்துங்கள், வைப்ரேட்டர் பட்டதும் உருண்டு கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும். அதே கலவையில் வார்த்த 45 மி.மீ. பிளாக், மீட்டருக்கு ஒன்று, கட்டுக்கம்பியோடு. கட்டுக்கம்பியின் வாலை உள்பக்கமாக மடக்குங்கள். வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தால் உப்பு அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்.

சிமெண்ட் பிபிசி (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு கலந்தது). இறுக நேரமாகும், ஆனால் குளோரைடு நுழைவதைக் கட்டுப்படுத்தும், மெதுவாக வினைபுரிவதால் பின்னால் ஆறவும் சரக்கு மிச்சமிருக்கும். அதற்கு ஈரம் 10 நாளுக்குக் குறையாமல், நம்ம வெயிலுக்கு 14 நாள். கியூரிங் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான்.

இது கச்சான் மாதம். தளம் போட்ட ஒரு மணி நேரத்தில் மேலே கோழிக்கால் போட்டாற்போல விரிசல் வருவது காற்று ஈரத்தை உறிஞ்சுவதால். ஒரு சதுர மீட்டரில் இருந்து மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானாலே இது ஆரம்பிக்கும். மாலையில் போடுங்கள், காற்று வரும் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள், மட்டம் பார்த்ததும் பிளாஸ்டிக் ஷீட். இறுகுவதற்கு முன்னால் இன்னொரு முறை மட்டப்பலகை அழுத்தித் தேய்த்தால் அந்த விரிசல் அப்போதே மூடிவிடும். எந்தப் பொடியும் இதைவிட மலிவாக மூடாது.

உப்புக்கணக்கு | ஆகஸ்ட் 7, காலை 6.40

பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்களே, அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் கடல்காற்றைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடலுக்குப் பணம் போக வேண்டிய இடம் கம்பி. வீட்டுக்கு அந்தக் கம்பி கட்டுப்படியாகாது, காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய சிமெண்ட்-பாலிமர் பூச்சு போன்றவற்றை விசாரியுங்கள். பூசின கம்பியை வளைத்த இடத்திலும் வெட்டின முனையிலும் மறுபடி பூச வேண்டும்.

தேவிபட்டினம் வீடு | ஆகஸ்ட் 7, இரவு 8.20

அப்போ பொடிக்கு வேலையே இல்லையா?

கம்பிகட்டி | ஆகஸ்ட் 7, இரவு 9.00

இருக்கிறது. சம்ப். எப்போதும் ஈரம், விரிசல் பெரிதாக நகராது, வெயில் படாது. படிகம் வளரும் வகைப் பொடிக்கு ஏற்ற இடம் அதுதான்.

உள்ளளவு 2.5 × 2 × 2 மீட்டர், பத்தாயிரம் லிட்டர் சம்ப் என்று வைத்துக்கொள்வோம். அடியும் சுவரும் 150 மி.மீ. என்றால் ஏறக்குறைய 3.85 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 360 கிலோ வீதம் சிமெண்ட் 28 மூட்டை. பொடி சிமெண்ட் எடையில் 0.8 முதல் 1 சதவீதம், அதாவது மூட்டைக்கு 400 முதல் 500 கிராம், மொத்தம் 11 முதல் 14 கிலோ. பையில் வேறு அளவு போட்டிருந்தால் பையில் உள்ளதுதான் கணக்கு. காய்ந்த பொடியை ஈரக் கலவை மேல் தூவினால் கட்டி பிடிக்கும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊற்றி, மெஷினை வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகச் சுற்றவிடுங்கள். குழைத்த தண்ணீரையும் மொத்தத் தண்ணீர்க் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள். அடியும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப் (தண்ணீரைத் தடுக்கும் பட்டை) கட்டாயம், அந்த இடைவெளி பொடிக்கு அடங்காது.

கியூரிங் முடிந்ததும் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம் நிரப்புங்கள். நிரம்பியபின் 21 நாள் அப்படியே விடுங்கள். முதல் வாரம் சுவரில் ஈரக்கோடு தெரிந்தால் பதறி உள்ளே சிமெண்ட் பால் அடிக்க வேண்டாம். கோடு வெளுத்துக்கொண்டே வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். 21-ஆம் நாளும் சொட்டினால் அந்த இடத்தைக் குறித்துவிட்டு வடித்துவிடுங்கள், பியூ (பாலியூரித்தேன்) பிசினை ஊசி வழியாக ஏற்றலாம். ஆர்ஓ தண்ணீரை ஊற்றிச் சோதிக்காதீர்கள், அந்த மென்நீர் படிந்த சுண்ணாம்பையும் கரைத்துவிடும். டேங்கர் தண்ணீர் போதும்.